பாண் மாத்தையாவுக்கு ராசா வேடம்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற பக்கத்தில் நான் வந்து குந்தியதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு சுருட்டுக் கொட்டிலுக்குப் போனவன் நான். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவன். ஆனால் பாண் மாத்தையாவைப் பற்றி எழுத இனி வேறு ஆள் இல்லை. எங்களுக்கு நாடகம் பழக்கிய வாத்தியார், சட்டம்பியார், காலமாகிவிட்டார். மற்றவர்களுக்கு மறந்துவிட்டது. அல்லது மறந்துவிட்டது என்று சொல்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் ராசா இல்லாமற் போய் முந்நூறு வருசத்துக்கு மேல் இருக்கும். அத்தனை காலத்திலும் ராசாவாக வேண்டும் என்று பாண் மாத்தையாவைப் போல ஆசைப்பட்ட மனிதர் இந்தக் குடாநாட்டில் பிறக்கவில்லை. அவரும் இங்கே பிறக்கவில்லை. அதுதான் வில்லங்கம். காலிப் பக்கத்தில் பிறந்து, இளந்தாரியாகக் கொக்குவிலுக்கு வந்து பேக்கரி போட்ட சிங்களவர் அவர். சொந்தப் பெயர் பேக்கரி லைசென்சுக்கு மட்டும்தான் தெரியும்; எங்களுக்கு அவர் பாண் சுடுகிற மாத்தையா, சிங்களத்தில் ஐயா என்று அர்த்தம்.

மா குழைக்கும்போது பாடுவார். எங்கள் இசை நாடகப் பாட்டுகள் எல்லாம் அவருக்குப் பாடம். சரணத்தின் நடுவில் போறணை அடுப்பைத் திறக்க மாட்டார். அது பாட்டுக்கு அவமரியாதையாம். சரணம் நீண்டால் பாண் கருகும். எங்கள் ஒழுங்கைச் சனம், தெரு முழுவதும், கருகல் பாணைக் கடித்தபடியே, “நல்ல பாட்டு, ஆனாக் கொஞ்சம் நீளம்” என்று அபிப்பிராயம் சொல்லும்.

வருசா வருசம் எங்கள் வாசிகசாலையில் ஒரு இசை நாடகம் போடுவோம். எழுதுவது, பழக்குவது, ஏசுவது எல்லாம் தலைவர் சட்டம்பியார்தான். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர்தான் ராசா. நல்ல வெள்ளை நிறம், நல்ல உயரம், குரல் மட்டும் இல்லை. ராணி நான். சிரிக்க வேண்டாம். அந்தக் காலத்தில் பெண்கள் மேடை ஏறுவதில்லை. மீசையை வழித்துச் சேலை கட்டிவிட்டால் நான் ராணிதான், யாருக்கும் ஒரு சந்தேகமும் வராது.

மாத்தையாவுக்கு என்ன வேடம்? கொள்ளைக்காரன், அரக்கன், கடல் கடந்து வந்த பகைவனின் தளபதி. கடைசிக் காட்சிக்கு முன் சாகவேண்டிய எதுவானாலும் மாத்தையாதான்.

ஒருமுறை தளபதியாகச் செத்துக் கிடந்தார். அவரைக் கொன்ற மனேச்சர் வெற்றிப்பாட்டுத் தொடங்கினார். இரண்டாவது அடியிலேயே சுருதி ஒருபக்கம், அவர் ஒருபக்கம். ஆர்மோனியக்காரர் தேடிப் பார்த்துக் களைத்துப்போனார். கீழே கிடந்த பிரேதத்துக்குப் பொறுக்கவில்லை. கண்ணை மூடியபடியே மிச்சப் பாட்டை எடுத்துப் பாடத் தொடங்கியது. என்ன குரல்! கொட்டகை எழுந்து நின்றது.

“உயிரோடை நிக்கிறவன் வாயை மூடு! செத்தவன் பாடட்டும்!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

மாத்தையா எழுந்து, பாடி முடித்து, சபைக்குக் கும்பிடு போட்டு, திரும்பவும் ஒழுங்காகச் செத்தார். மனேச்சர் ஒரு கிழமை பாண் வாங்கவில்லை.

அந்தத் துணிவில்தான் அடுத்த கூட்டத்தில் கேட்டார்.

“ஐயா, இந்த முறை ராசா பார்ட்டை எனக்குத் தாங்கோ.”

சட்டம்பியார் கண்ணாடியைக் கழற்றினார். “மாத்தையா, உம்மடை குரலிலை ஒரு குறையும் இல்லை. ஆனா இது தமிழ் ராசா. சனம் நம்ப வேணுமெல்லோ?”

மாத்தையா திரும்பி என்னைப் பார்த்தார். நான் மூலைக்குள் இன்னும் ஒதுங்கினேன்.

“ஐயா, உவர் காலமை சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு சுருட்டுக் கட்டு தூக்கினவர். பின்னேரம் ராணி எண்டால் சனம் நம்புது. என்னை மட்டும் நம்பாதோ?”

சட்டம்பியார் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். “பாப்பம்” என்றார்.

எங்கள் ஊரில் இல்லை என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. பாப்பம் என்பார்கள். ஒரு மனிதருக்குத் தலை நரைக்கும்வரை பாப்பம் என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

கடைசியில் வழிவிட்டது மனேச்சரின் இடமாற்றம். அவர் வவுனியாவுக்குப் போனார். வேறு பாடக்கூடிய ஆள் இல்லை. சட்டம்பியார் முகத்தைச் சுளித்துக்கொண்டு ராசா வேடத்தை மாத்தையாவிடம் கொடுத்தார்.

பிறகு ஊர் பட்ட பாடு! ராசா சைக்கிள் ஓடுவாரா? மாத்தையா பாண் பெட்டியோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு ராச நடை நடந்தார். காலைப் பாண் மத்தியானம் வந்தது. நடுத்தெருவில் என்னைக் கண்டு, “தேவி!” என்று கையை நீட்டினார். சுருட்டுக் கொட்டில் முழுவதும் வாசலுக்கு வந்தது. நான் கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அரங்கேற்றத்துக்கு முன் ஒருநாள், வேட உடுப்பு இல்லாமல், வெள்ளை வேட்டி சால்வையோடு முழு நாடகத்தையும் ஆடிப் பார்ப்போம். அதற்கு வெள்ளுடுப்பு என்று பெயர். அதற்கு நாள் குறித்தாயிற்று.

அந்த ஆவணியில் தெற்கே தமிழரை அடித்தார்கள். உயிர் தப்பிய சனம் பெட்டியோடும் பெட்டி இல்லாமலும் வந்து சேர்ந்தது. எங்கள் ஒழுங்கைப் பையன் ஒருவன் தலையில் கட்டோடு வந்தான். அவனைப் பார்த்த பிறகு யாருக்கு என்ன நியாயம் சொல்வது? பேக்கரிக் கண்ணாடியை யாரோ கல்லால் உடைத்தார்கள்.

சட்டம்பியாரும் நானும் போனோம். மாத்தையா கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டு நின்றார்.

“மாத்தையா, நாடகம் இல்லை. நாளைக்குக் காலமை பொலிஸ் லொறி ஒண்டு உங்கடை ஆக்களை ஏத்திக்கொண்டு போகுது. நீரும் போறதுதான் நல்லது.”

“ஓம் ஐயா, போறன். ஆனா இண்டைக்கு வெள்ளுடுப்பெல்லோ?”

“உமக்கென்ன விசரே?”

“ஓம்,” என்றார் மாத்தையா.

பின்னேரம் வாசிகசாலைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினோம். ஆர்மோனியக்காரரும் இன்னும் இரண்டு மூன்று பேரும்தான் வந்தார்கள். மாத்தையா வெளுத்த வேட்டியும் சால்வையுமாக வந்து நின்றார். “மெல்லப் பாடும், மாத்தையா, மெல்ல,” என்று சட்டம்பியார் கெஞ்சினார். அந்த மனிதருக்கு மெல்லப் பாடத் தெரியாது. யன்னல் இடுக்கால் பார்த்தேன். றோட்டில் இளந்தாரிகள் கூடிவிட்டார்கள். கல் வரப்போகிறது என்று நினைத்தேன். கல் வரவில்லை. கைதட்டலும் வரவில்லை. பாட்டு முடியும்வரை நின்றார்கள். பிறகு போய்விட்டார்கள்.

கடைசிக் காட்சியில், தம்பியின் சூழ்ச்சியால் நாட்டை இழந்த ராசா கட்டிய வேட்டியோடு ஊரை விட்டுப் போகிறார். ராணி அவருடைய சால்வைத் தொங்கலைப் பிடித்துக்கொண்டு அழுவாள். ராசா அதை உருவிக்கொண்டு திரும்பிப் பாராமல் போக வேண்டும். அப்படித்தான் சட்டம்பியார் எழுதியிருந்தார்.

மாத்தையா உருவினார். நான் விடவில்லை. சேலையும் இல்லாமல், வழிக்காத மீசையோடு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“விடும் தம்பி,” என்றார் மெதுவாக. “கதை பிழையாப் போயிடும்.”

விட்டேன்.

அடுத்த நாள் காலை பொலிஸ் லொறி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. அன்றைக்குப் பாண் வரவில்லை. எங்கள் வீட்டில் புட்டு அவித்தார்கள்.