ஆரணியில் ஏழு புதிய தறிகள்

ஒரு மனிதன் எங்கே குடியிருப்பான் என்பது எதைப் பொறுத்தது? இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே முதன்முதலாக அறிவியல் முறையில் விடை தேடிய பெருமை, ஆரணியில் இயங்கிய எங்கள் தறிப் புள்ளிவிவர அலுவலகத்தையே சேரும். ஆண்டு 1981. நான் அங்கே தலைமை எழுத்தர்.

பிரச்சினை சிறியது. அலுவலகம் பத்து மணிக்கு. தற்காலிக எழுத்தன் வேடியப்பன் வருவதோ பத்தே முக்காலுக்கு. ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியிருந்தான். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். எவ்வளவு யோசித்தும் காரணம் பிடிபடாததால், அதிகாரி சிவப்பிரகாசம் 'தாமத ஆய்வுக் குழு' ஒன்றை அமைத்தார். தலைவர் அவர். உறுப்பினர் நான்.

"வீட்டுல அலாரம் இருக்குதாய்யா?" என்று குழு விசாரணையைத் தொடங்கியது.

"எதுக்கு சார்? எங்க ஊரு கோழியையே நாந்தான் எழுப்பிகினு இருக்கேன்."

ஒரு பஸ் எப்படித் தாமதமாகிறது என்பது அழகான விஷயம். விளக்கிவிடுகிறேன். படவேட்டிலிருந்து ஆரணிக்குக் காலையில் ஒரே பஸ். ஏழரைக்குக் கிளம்ப வேண்டியது, ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போனவர்கள் திரும்பும் வரை நிற்கும். அதற்குள் கூரைமேல் வாழைத்தார் ஏறும். தார் ஏறியதும் தாருக்குரியவர் டீ குடிக்கப் போவார். தாரை விட்டு அவர் வரமாட்டார். அவரை விட்டு டிரைவர் வரமாட்டார். இதில் அலாரத்துக்கு வேலையே இல்லை என்று குழு ஒருமனதாகக் கண்டுபிடித்தது.

"அப்போ ஆரணியிலேயே ஒரு வீடு பாத்துகினு வந்துடேன்யா" என்றார் தலைவர்.

"பாத்துகினுதான் சார் இருக்கேன். கொழந்தைக்கு இளைப்பு வேற. எம் பொஞ்சாதி ரங்கம்மா வாரா வாரம் இதே பஸ்ஸுலதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கியாறா. ஒரே பேஜாரு சார். ஆனா வீடு எங்க காலியா கீது? எல்லாரும் தறி போடறாங்க."

"தறியா?" சிவப்பிரகாசம் பேனாவைத் திறந்தார்.

"பட்டு யாவாரி அருணகிரி வீட்டுல 'வீடு வாடகைக்கு'ன்னு போர்டு கீது சார். போய்க் கேட்டேன். எத்தினி பேருன்னாரு. 'மூணு பேரு'ன்னேன். 'ஜல்தியா சாமான எடுத்தாந்துடுப்பா'ன்னாரு. அப்பால, 'படவேட்டுல எந்தப் பக்கம்?'னாரு. 'காலனி'ன்னேன். 'அடடா, மறந்தே பூட்டேன், அடுத்த மாசம் அந்த ரூமுல தறி எறக்கறோம்'னுட்டாரு. இதே மாதிரி ஏழு வீடு சார். ஏழுலயும் தறி."

சாதாரண அதிகாரியாக இருந்தால் வேடியப்பனுக்காக வருத்தப்பட்டிருப்பார். சிவப்பிரகாசம் புள்ளிவிவரத்துக்கே பிறந்தவர்.

"ஏழு புதுத் தறி! வெயில்ல அலையாம உக்காந்த எடத்துலயே கெடச்சிருக்குய்யா! டைப் அடி!"

அடித்தேன். ஆறு விலாசங்கள் தெளிவாக விழுந்தன. ஏழாவதை அடிக்கும்போது ரிப்பன் சற்று மங்கிவிட்டது.

'ஆரணிப் பட்டுத் தொழிலில் அபார வளர்ச்சி' என்ற எங்கள் அறிக்கையைச் சென்னை பாராட்டியது. பாராட்டியதோடு நிற்காமல், தறிகளைப் பார்த்துவர லோகநாதன் என்ற ஆய்வாளரையும் அனுப்பியது.

குழித்தறி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. நெய்பவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்க அறைக்குள் ஒரு குழி வேண்டும். ஆறு வீடுகளிலும் தரை சிவப்புச் சிமெண்டு பூசி, முகம் பார்க்கலாம் போல வழவழவென்று இருந்தது. லோகநாதன் முகம் பார்த்தார்.

"குழி எங்கங்க?" என்று அருணகிரியைக் கேட்டார்.

"தோண்டணுங்க."

"எப்போ?"

"அவசியம் வர்றப்போ தோண்டிக்கலாங்க."

அலுவலகத்துக்குத் திரும்பியதும் லோகநாதன் வேடியப்பனைக் கூப்பிட்டார். "தறி வருதுன்னு உங்கிட்ட எதுக்குச் சொன்னாங்க?"

"வீடு கேட்டேன் சார்."

சிவப்பிரகாசம் மேஜைமேல் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"இந்த ஏழாவது விலாசம் மங்கலா இருக்கே. யார் வீடு?"

வேடியப்பன் என்னைப் பார்த்தான். மரியாதையாகத்தான் பார்த்தான். "அவரு நல்ல மனுசன் சார். தறி சாமான்கூட வாங்கியாச்சுன்னாரு. டீ குடுத்தாரு, வாசல்ல. விலாசம் வேணும்னா டைப் அடிச்சவரைக் கேளுங்க, தெரியும்."

"ரிப்பன் பழசு சார்" என்றேன்.

லோகநாதனுக்கு வேலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. 'புதிய தறிகள்' என்பதை 'இறக்கப்படவிருக்கும் தறிகள்' என்று திருத்தச் சொல்லிவிட்டுப் போனார். புள்ளிவிவரம் காப்பாற்றப்பட்டது.

அடுத்த திங்கட்கிழமை வாழைத்தார் கொஞ்சம் அதிகம். வேடியப்பன் பதினொரு மணிக்கு வந்தான். மூன்றாவது மெமோவை நான்தான் அடித்தேன். புது ரிப்பன், ஒரு எழுத்துகூட மங்கவில்லை.

எதையும் முழுதாக விளக்கிவிடுவது என் சுபாவம். அதனால் குழு கண்டுபிடிக்காத தீர்வையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டு முன் போர்ஷனிலிருந்து அலுவலகத்துக்கு நடந்தால் நான்கு நிமிடம். ஆஸ்பத்திரிக்கு ஆறு நிமிடம். உள்ளே தறி இல்லை. பூட்டைத் திறந்து, சாவியை வேடியப்பன் கையில் கொடுத்தால் போதும்.