சிலி தேசத்துச் சிவப்பு மருந்து

அந்த வியாழக்கிழமை ரப்பர் தோட்டத்துக் கணக்கர் இராஜமாணிக்கம் கிராணி, வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலிருந்து இறங்கி வந்தபோது, கையில் ஒரு புட்டியும் மனசில் ஒரு தீர்மானமும் இருந்தன. புட்டி, துரை கொடுத்தது. தீர்மானம், கிராணியே செய்துகொண்டது: ஒரு சொட்டுகூட யாருக்கும் கொடுப்பதில்லை.

சிலி தேசத்துச் சிவப்பு ஒயின். துரையின் கப்பல்காரச் சிநேகிதர் ஒரு பெட்டி இறக்கிவிட்டுப் போயிருந்தார். அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்த துரை, அதை எப்படிக் குடிப்பது, எதோடு குடிப்பது என்று கால்மணி நேரம் பாடமும் நடத்தினார். கிராணி அதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துகொண்டார்.

எங்கே வைத்துக் குடிப்பது? அதுதான் தொல்லை. முன்பென்றால் ரப்பர் மரங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடலாம். இப்போது அவசரகாலம்; காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் வெள்ளைக்காரச் சர்க்காருக்கும் சண்டை. தோட்டத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி. காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடுமென்று ஒரு பிடி சோறு, ஒரு மடக்குத் தேத்தண்ணிகூட கேட்டைத் தாண்டக் கூடாது. காட்டுக்காரர்களை மடக்கப் போட்ட வேலியில் கடைசியில் மடங்கிப்போனது புருஷன்மார்கள்தான்.

ஆகவே வீட்டில்தான் குடிக்க வேண்டும். வீட்டில் வள்ளிநாயகி இருந்தாள்.

வள்ளிநாயகி சண்டைக்காரி இல்லை. விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகே அடுப்பைப் பற்றவைப்பவள். குரலை உயர்த்தியதே கிடையாது. கிராணிக்குப் பயமே அதுதான். தைப்பூசத்தன்று முனியாண்டி கோயிலில் அவர் எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, "இனிமே சாராயத்தைத் தொடமாட்டேன்" என்று சத்தியம் செய்தபோது, சூடத்தை ஏற்றிக் கொடுத்தவளும் அவள்தான்.

"என்னங்க அது, கறுப்பா?"

"மருந்து."

"புட்டியில படமெல்லாம் போட்டிருக்கு?"

"வெள்ளைக்காரன் மருந்து அப்படித்தான் இருக்கும் லா. திராட்சைச் சாறு. ரத்தம் ஊறும்."

"சாராயம் இல்லையே?"

"சேச்சே! சாராயம் தொண்டையச் சுடும். இதுக்குக் குணமே வேற. நாவப்பழ நெறம். மோந்து பாத்தா பழுத்த பழ வாசனை, அடியில லேசாப் புகை. வாயில வெச்சதும் கொட்டைப்பாக்கு மாதிரித் துவர்த்து நாக்கைப் பிடிக்கும். கொஞ்சம் பொறுத்தா இளகிக் குடுக்கும்."

"நல்ல குணம்தான். மொதல்ல மொறைச்சுட்டு அப்புறம் இளகுது. சில பேரு மொதல்ல இளிச்சுட்டு அப்புறம் மொறைப்பாங்க."

கிராணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மருந்துன்னா பத்தியம் இருக்கணுமே?" என்றாள் வள்ளிநாயகி.

கிராணி நிமிர்ந்து உட்கார்ந்தார். இதற்காகத்தானே மனப்பாடம் செய்தது!

"உண்டு! மீன் ஆகவே ஆகாது. மீனோட சேந்தா வாயில துருப்பிடிச்ச ஆணிய வெச்ச மாதிரி இருக்கும். மொளகா கூடினாலும் கசக்கும். நல்ல கொழுப்பா ஆட்டு விலாக்கறி, நெருப்புல வாட்டினது, அதுதான் சேரும். துவர்ப்பைக் கொழுப்பு அடக்கும். கொழுப்பைத் துவர்ப்பு அறுக்கும். துரை மாட்டுக்கறிதான் சொன்னாரு. நம்ம குடும்பத்துக்காக நான்தான் ஆட்டுக்கு மாத்தினேன்."

"பெரிய மனசு. அப்ப யாரு குடிச்சாலும் ரத்தம் ஊறுமா?"

"செத்தவன் குடிச்சாலும் ஊறும்!"

"சரி. ஞாயித்துக்கிழமை கோலா பிலா டவுனுக்குப் போறப்ப, விலாவோட ஆட்டுச் சுவரொட்டியும் வாங்கிட்டு வாங்க. ரத்தத்துக்கு நல்லது."

கிராணிக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் மனைவியை இவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடிந்தது இதுதான் முதல் தடவை. அங்கேயே அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லோரியில் போய்க் கறி வாங்கி வந்தார். கேட்டில் காவலுக்கு நின்றவன் பொட்டலத்தைப் பிரித்து, விலாவைக் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு உள்ளே விட்டான். வள்ளிநாயகி கரியடுப்பை மூட்டினாள். கொழுப்பு சொட்டச் சொட்ட வாசனை கிளம்பியது. கிராணி தக்கையைப் பிடுங்கி, மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினார்.

"ஒரு மணி நேரம் காத்தாட விடணும், வள்ளி. அப்பத்தான் மணம் விரியும்."

"விரியட்டும். நீங்க போய்த் தலைக்குக் குளிச்சுட்டு வாங்க."

கிராணி சீயக்காய் தேய்த்து, பாட்டுப் பாடிக் குளித்தார். நெற்றி நிறைய விபூதி பூசி, வேட்டி மாற்றி, மேசைக்கு வந்தார். தட்டில் சோறு இருந்தது. ரசம் இருந்தது. பக்கத்தில் இரண்டு துண்டு வறுத்த மீன்.

"வள்ளி! மருந்து எங்க?"

"பஞ்சாலை வீட்டுக்குப் போயிருக்கு."

பஞ்சாலை, ரப்பர் பால்வெட்டுக்காரன் சன்னாசியின் மனைவி. பிள்ளை பெற்று ஒன்பது நாள்.

"பிள்ளை பெத்தவளுக்கு ஒரு வாய் பிராந்தி குடுக்கறது நம்ம தோட்டத்து வழக்கம்தானே? சன்னாசி அதுக்கு எங்க போவான்? வெளுத்துப்போய்க் கெடக்கா. ரத்தம் ஊறுற மருந்த வீட்டுல வெச்சுக்கிட்டு, பேனா புடிக்கிற உங்களுக்கா ஊத்துவேன்? சாமி கண்ணக் குத்தாது?"

"அடியே, அது மருந்து இல்லடி!"

"பின்ன என்னங்க?"

மெதுவாகத்தான் கேட்டாள். மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிராணி முனியாண்டி படத்தைப் பார்த்தார். முனியாண்டி அரிவாளும் கையுமாகக் கிராணியைப் பார்த்தார்.

"மருந்துதான்" என்றார் கிராணி. பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தக் கறி?"

"அதுதானே பத்தியம்? மருந்த மட்டும் குடுத்தா பலிக்காதே."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு மருந்தும் இல்ல, பத்தியமும் இல்ல. பயப்படாம மீன் தின்னுங்க."

திங்கட்கிழமை விடியற்காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் சன்னாசி ஓடிவந்து கும்பிட்டான். "கிராணி ஐயா, அவ எழுந்து உக்காந்துட்டா. நீங்க நல்லா இருக்கணும்!" அந்த வாழ்த்து கிராணிக்கு நேற்றுத் தின்ற மீனின் முள் மாதிரி குத்தியது. ஆனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. துரையின் பெட்டியில் இன்னும் புட்டிகள் இருந்தனவே!

ஆபீசுக்குள் நுழைந்ததும் துரை எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கிராணி! உன் சம்சாரம் நேத்து பங்களாவுக்கு வந்து எல்லாம் சொல்லிச்சு. நீ சாமிகிட்ட சத்தியம் பண்ணின ஆளு. எனக்குத் தெரியாமப் போச்சு. மன்னிச்சுக்கோ."

"பரவாயில்லீங்க துரை. துரை குடுத்தா, துரைக்காக..."

"நோ, நோ! சத்தியம் பெரிசு. மாசம் ஒண்ணு உனக்குக் குடுக்கணும்னு நெனச்சிருந்தேன். நல்ல வேளை!" துரை மேசைக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தார். "மிச்சம் பதினொண்ணு. எல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு, பிள்ளை பெத்த பொம்பளைங்களுக்கு. நீயே கொண்டுபோய்க் குடு."

கிராணி பெட்டியைத் தோளில் ஏற்றினார். பதினொரு புட்டிகளும் காதோரம் கலகலத்தன. வாசலைத் தாண்டுவதற்குள் துரை பின்னாலிருந்து கூவினார்:

"மெதுவா நட, கிராணி! குலுங்கினா ருசி கெட்டுடும்!"