‘முடியாது’ என்ற பல் டாக்டர்

ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிற பல் டாக்டர், வீட்டில் தன் வாயைத் திறந்ததில்லை. திறந்தாலும் "உம்" என்று ஒரு சத்தம்தான் வரும். அந்த "உம்"மில்தான் அவர் குடி முழுகிக்கொண்டிருந்தது.

எல்லாம் அந்தக் குட்டி விமானத்தால் வந்த வினை. ஞாயிற்றுக்கிழமை காலையானால் ஊர்க்கோடி மைதானத்தில் ரிமோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார். விமானம் எழும்பிவிட்டால் மனுஷர் பூமியில் இல்லை. கண் அதன்மேலேயே இருக்கும். மூச்சுகூட அனுமதி கேட்டுத்தான் போய்வரும். ஒருமுறை ஓர் ஆடு வந்து அவர் சட்டையின் பின்பக்கத்தை முக்கால்வாசி மென்றுவிட்டது. விமானத்தை இறக்கிய பிறகுதான், "என்ன, முதுகுல காத்தடிக்குது?" என்று கேட்டார்.

"விளையாட்டுன்னு நினைச்சியா? இது தியானம்!" என்று மனைவியிடம் மார்தட்டினார். "அது நம்மைப் பார்த்து வரும்போது இடது வலதாயிடும், வலது இடதாயிடும். கண்ணைச் சிமிட்டினா மரத்துல தொங்கும். அந்த நேரத்துல எமனே வந்து 'கிளம்பலாமா'ன்னு கேட்டாலும் 'உம்'னுதான் சொல்லுவேன்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. எமன் வரும்வரை மனைவி காத்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறே ஃப்ளாஸ்கும் கையுமாக மைதானத்துக்கு வந்துவிட்டாள்.

"என்னங்க, ஹாலுக்குக் கிளிப்பச்சை அடிக்கலாமா?"

"உம்."

"எங்கம்மா வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா?"

"உம்."

"இனிமே துணி துவைக்கிறது நீங்கதானே?"

"உம்!"

கிளிப்பச்சை ஹாலைக் கடந்து, மாமியார் மேற்பார்வையில் துணி உலர்த்தப் போன ஒரு நாள், டாக்டர் பொங்கி எழுந்தார். நேரே பக்கத்து வீட்டு வக்கீலிடம் போனார்.

"பறக்கும்போது உங்க காது வேலை செய்யாது. சரி, விடுங்க," என்றார் வக்கீல். "வாய்க்கு ஒரே ஒரு பதிலைப் பழக்கிடுங்க. என்ன கேட்டாலும் 'முடியாது'. அப்புறம் எந்தக் கேஸும் நிக்காது."

டாக்டர் வாரம் முழுக்கப் பழகினார். "வலிக்காம எடுக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்டவரிடம் "முடியாது!" என்றார். அந்த ஆள் நாற்காலியிலிருந்து குதித்து ஓடியேவிட்டார். "சாப்பிட வர்றீங்களா மாப்பிள்ளை?" என்ற மாமியாருக்கும் அதே பதில்தான். அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். டாக்டருக்கு வயிறு காய்ந்தாலும் மனசு நிறைந்தது.

அவர் எப்படியாவது காப்பாற்ற நினைத்தது பின்னறையை. இறக்கை ஒட்டுவது, சாயம் பூசுவது எல்லாம் அங்கேதான். மனைவியோ தையல்காரி. தெருவில் பாதிப் பேர் அவள் தைத்த துணியில்தான் நடமாடினார்கள். ஆனால் அவளுடைய மிஷின் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. ரவிக்கையெல்லாம் தாளிப்பு வாசனையோடுதான் வெளியே போகும். பின்னறையைக் கேட்டுக் கேட்டு அவள் நாக்கு தேய்ந்துபோயிருந்தது.

ஞாயிறு வந்தது. விமானம் எழும்பியது. டாக்டர் பூமியை விட்டார். வக்கீல் சாட்சியாக நின்றார். மனைவியும் வந்து சேர்ந்தாள்.

"என்னங்க, பின்னறையை எனக்குத் தர்றீங்களா?"

"முடியாது!"

வக்கீல் கட்டைவிரலை உயர்த்தினார்.

"ஒரு மூலையாவது குடுங்களேன்?"

"முடியாது!"

மனைவி டாக்டரைப் பார்த்தாள். அப்புறம் வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் அவசரமாக மேகத்தை ஆராய்ந்தார். அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. விமானம் திரும்பி அவர்களைப் பார்த்து வரும்வரை பொறுத்தாள்.

"சரிங்க. நானே பின்னறையில மிஷினைப் போட்டுட்டா, உங்களால தடுக்க முடியுமா?"

"முடியாது!"

"எங்கம்மாவை ஊருக்குப் போகச் சொல்ல முடியுமா?"

"முடியாது!"

"இப்ப சொன்ன சொல்லை அப்புறம் மாத்த முடியுமா?"

"முடியவே முடியாது!"

அந்த ‘வே’ டாக்டர் உற்சாகத்தில் சேர்த்துக்கொண்டது.

மனைவி போய்விட்டாள். விமானம் பூப்போலத் தரையில் உட்கார்ந்தது. டாக்டர் வெற்றி வீரனாகத் திரும்பினார்.

"பார்த்தீங்களா வக்கீலே! அசைஞ்சேனா?"

"அசையலை டாக்டர். மலை மாதிரி நின்னு, அறையைத் தூக்கிக் குடுத்துட்டீங்க," என்று நடந்ததை வரிசையாகச் சொன்னார் வக்கீல்.

"ஐயையோ! அப்பீல் ஏதாவது…?"

"கடைசிக் கேள்வியில அந்தக் கதவையும் சாத்திட்டாங்களே!"

விமானத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினார். பின்னறை ஜன்னலோரம் தையல் மிஷின் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. சுவரில் புது அலமாரி. அதில் கலர் கலராக நூற்கண்டுகள். அவருடைய விமானங்கள் பரணில் மூட்டையாகக் கிடந்தன. தச்சர் சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "காலையில நீங்க கிளம்பினதுமே அம்மா கூப்பிட்டுட்டாங்க சார். அவங்க மைதானத்துக்குப் புறப்படுறதுக்குள்ள முக்காவாசி முடிச்சுட்டேன்," என்றார்.

டாக்டர் மனைவி பக்கம் திரும்பினார். "ஏம்மா, முக்காவாசியை முன்னாடியே முடிச்சுட்டுத்தான் அங்க வந்தியா? அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டே?"

மனைவி ஊசியில் நூலைக் கோத்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாயிருக்கே! உங்களைக் கேக்காம இந்த வீட்டுல நான் என்னிக்கு எதைச் செஞ்சிருக்கேன்?"