எனக்குத் தியானம் தெரியாது, மாமா

கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை.

என் அம்மாவின் மூத்த அண்ணனும், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரும், ஞாயிற்றுக்கிழமை மாணவர் தியான வகுப்பின் தலைவரும் ஆசிரியரும் பொருளாளருமான பெருமதிப்பிற்குரிய கார்த்திகேசு மாமா அவர்களுக்கு, தங்கை மகள் லோகேஸ்வரி பணிவோடு எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், அப்பா வளர்க்கும் கூண்டுப் புறா எல்லாரும் சுகம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். ஒரே ஊரில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். தொலைபேசியில் பேசினால் என் வாக்கியத்தை நான் முடிப்பதற்குள் நீங்கள் முடித்துவிடுகிறீர்கள், அதுவும் நான் நினைத்ததற்கு எதிராக. வாட்ஸாப்பில் எழுதினால் சூரியோதயமும் தாமரைப் பூவும் பதிலாக வருகின்றன. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. வெள்ளிக்கிழமை அம்மா முறுக்கு கொண்டு வரும்போது இதையும் சேர்த்துக் கொடுப்பார்.

விஷயம் இதுதான். வரும் சனிக்கிழமை உங்கள் வகுப்புப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வர நீங்கள் பேசி வைத்திருக்கும் பேருந்தை ரத்துச் செய்துவிடுங்கள். நான் பட்டமளிப்பு அங்கி போட்டிருக்கும் படத்துக்கு மேலே ‘தியானத்தால் பட்டம்! தியானத்தால் வேலை! நேரில் காண வாரீர்!’ என்று சிவப்பு எழுத்தில் போட்டு எல்லாக் குழுவுக்கும் அனுப்பியிருக்கிறீர்களே, அதையும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான் என்பதில் உங்களுக்கு இருக்கும் பெருமை எனக்குப் புரிகிறது. ஆனால் நேரில் வந்து காண இங்கே ஒன்றும் இல்லை. எனக்குத் தியானம் தெரியாது, மாமா. ஒருநாளும் தெரிந்ததில்லை.

அப்படியென்றால் அலுவலகத்தில் எல்லாருக்கும் தியானம் சொல்லிக் கொடுக்கிறாள் என்று அம்மா சொன்னது பொய்யா என்று கேட்பீர்கள். பொய் இல்லை, அதுதான் கொடுமை. நேர்முகத் தேர்வில் ஆரம்பித்த வினை இது. எங்கள் நிறுவனம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் சிறுவர்களுக்கான கார்ட்டூன் தயாரிக்கும் சின்ன நிறுவனம். முதலாளி மிஸ் லிம் எதிரே உட்கார்ந்து, உன்னைப் பற்றிச் சொல் என்றார். என்னைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கண் தானாக மூடிக்கொண்டது. மூக்கால் நன்றாக இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். கண்ணைத் திறந்தபோது மிஸ் லிம் மேசைமேல் குனிந்து என்னை ஏதோ கோவில் சிலையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். “யூ மெடிடேட், இஸ் இட்?” என்றார். இல்லை என்று சொன்னால் ஏன் கண்ணை மூடினாய் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு ஒரு முழு வாக்கியம் தேவை. ஆமாம் என்பதற்குக் கழுத்து போதும். ஆட்டினேன். “வாவ், ஸோ காம் லா திஸ் கேர்ள்! யூ இந்தியன்ஸ் பார்ன் வித் இட்!” என்று அங்கேயே வேலை கொடுத்துவிட்டார். நான் கொண்டுபோன படங்களை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கூட்டம் தொடங்குவதற்குமுன் நான் தியானம் நடத்த வேண்டும் என்றாகிவிட்டது. என்ன சொல்வதென்று தெரியாமல் நான் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பேசாமலே நடத்துகிறாள், இது ரொம்ப உயர்ந்த முறை என்று பேச்சாகிவிட்டது. படங்களுக்கு அசைவு கொடுக்கும் ஜெயராஜ் என்ற சிலாங்கூர் வாயாடி, முதல் நாளே கழுத்தைத் தொங்கப்போட்டுக் குறட்டை விட்டவன், எழுந்ததும் “சாமி, பவரு லா நீ! பக்கத்துக் கட்டடத்துல ட்ரில் போடுற சத்தமே எனக்குக் கேக்கல தெரியுமா?” என்றான். அன்றிலிருந்து என் பெயர் சாமி. கணக்குப் பார்க்கும் ஃபஹீமா மதியம் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, “லோகேஸ், மாமியா வூட்டோட இருக்கவா, காஜாங்குல தனி வீடு பாத்துப் போகவா? நீயே ஒண்ணு சொல்லு” என்றாள். நான் என்ன கண்டேன்? பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். “சரி, வெளங்கிருச்சு. தனியாவே போயிடுறேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். போயும்விட்டாள். அவளுடைய மாமியார் இப்போது என்னை நேரில் பார்க்க வேண்டும் என்கிறாராம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் என் வேலை படம் வரைவது. வரைந்து கொண்டுபோனால் மிஸ் லிம் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நீ பதற்றப்படாதே, அவசர வேலையையெல்லாம் ஜெயராஜிடம் விடு, நீ எங்கள் அமைதியைப் பார்த்துக்கொள் என்பார். எனக்கோ அமைதியே கிடையாது. மூன்று மாதச் சோதனைக் காலம் முடிந்து போன வாரம் பணி உறுதிக் கடிதம் வந்தது. அதில் என் பதவி ‘அலுவலக அமைதி ஒருங்கிணைப்பாளர்’. ஓவியர் என்ற சொல் தலைப்பிலும் இல்லை, அடியிலும் இல்லை. நான் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா கையைத் தட்டினார். “கண்ண மூடிக்கிட்டு உக்காந்தா சம்பளமா? யாருக்குடி கெடைக்கும் இந்த மாதிரி! இரு, ஒடனே அண்ணன்கிட்டச் சொல்லணும்” என்று உங்களுக்கு அழைத்ததும், நீங்கள் பேருந்துக்காரரை அழைத்ததும் அதே மணிநேரத்தில் நடந்தன. அப்பாதான் லோரியை நிறுத்திவிட்டு வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே, “நான் கண்ண மூடுனா ஹைவேயில நாலு பேரு செத்துருவான். இவ கண்ண மூடுனா சம்பளம். நாலு வருசம் யூனிவர்சிட்டியில இதைத்தான் படிச்சியாம்மா?” என்றார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் உடனே தொலைபேசியில், “பாத்தியா புள்ள, அன்னிக்கு வகுப்புக்கு வான்னு மாமா சொன்னப்ப மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டியே! இப்ப யாரு சொன்னது நடந்துச்சு?” என்றீர்கள். அதற்குப் பதில் சொல்ல விடவில்லை. இப்போது சொல்கிறேன். டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் உங்கள் மண்டபத்தில் கதவுக்கு நேரே ஒரு பெரிய லொங்காங் ஓடுகிறது. நான் அந்த வகுப்புக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு ஞாயிறு காலையில் எல்லாரும் கண்ணை மூடி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தபோது, அந்தச் சாக்கடையிலிருந்து என் கை நீளத்துக்கு ஓர் உடும்பு ஏறி வந்து, வாசற்படியில் தலையைத் தூக்கி, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் நம் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. இந்த மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் நாக்கை ஒரு முறை நீட்டிவிட்டுத் திரும்பிப் போயிற்று. நீங்கள் அதைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன், ஏனென்றால் என் கண் ஒழுங்காக மூடியிருக்கவில்லை. அந்த உடும்பைத்தான் நான் இத்தனை வருஷமாக வரைந்துகொண்டிருக்கிறேன். அதற்கு முகுந்தன் என்று பெயர். அலுவலகப் பையும் குடையுமாகத் தினமும் கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலில் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறான். ரயில் தாமதமாக வரும். கூட்டம் பிதுங்கும். ஆனால் உடும்பு பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்பதால் அவனுக்கு மட்டும் எப்போதும் இடம் கிடைக்கும். வாழ்க்கையில் அவனுக்குக் கிடைத்த ஒரே சலுகை அதுதான். நான் நல்ல மாணவியாகக் கண்ணை மூடியிருந்தால் முகுந்தன் எனக்குக் கிடைத்திருக்க மாட்டான்.

பல்கலைக்கழகத்தைப் பற்றியும் நீங்கள் கூட்டத்தில் பேசுகிறீர்கள். அங்கே என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன். வாரா வாரம் வரைந்ததைச் சுவரில் குத்த வேண்டும். வகுப்பே சேர்ந்து அதைக் கிழிகிழி என்று கிழிக்கும். இந்தக் கை ஏன் இப்படி, இந்த முகம் ஏன் அழுகிறது, இதை ஏன் வரைந்தாய் என்று கேட்பார்கள். முதல் வருஷம் முழுக்கக் கழிவறையில் போய் அழுதேன். இரண்டாம் வருஷம் அழாமல் நின்றேன். பிறகு ஒருநாள் நானே இன்னொருத்தியின் படத்தைப் பார்த்து, கால் தரையில் படவில்லை என்றேன். அன்று என் குரலைக் கேட்டு எனக்கே ஆச்சரியம். நீங்கள் மனத்தை ஓடாமல் நிறுத்தச் சொன்னீர்கள். அங்கே அதை ஓடவிட்டு, ஓடிய இடத்தை வரைந்து கொண்டு வரச் சொன்னார்கள். எனக்கு வாய்த்தது ஓடுகிற மனம். அதை நம்பித்தான் பட்டம் வாங்கினேன். உங்கள் வகுப்பில் நான் கற்ற ஒன்றை மறைக்க மாட்டேன். கால் மரத்துப்போனாலும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பது. வரைகிறவளுக்கு அது வேண்டும்தான். அதற்கு நன்றி. ஆனால் அதற்காகப் பேருந்து வேண்டாம்.

நேற்று என்ன நடந்தது என்பதையும் வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சிக்குச் சிறுவர் தொடர் வாங்குகிற என்சிக் ரசாலி என்ற பெரிய வாடிக்கையாளர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மிஸ் லிம் அவரிடம் ஜெயராஜின் படங்களைக் காட்டுவதாக இருந்தார். அதற்குமுன் என்னைச் சுட்டி, இவள்தான் எங்கள் தியானப் பெண், முதலில் பத்து நிமிஷம் தியானம் செய்வோம் என்றார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். மிஸ் லிம், ஃபஹீமா, ஜெயராஜ், சட்டைப் பையில் பேனா குத்திய அந்தப் பெரிய மனிதர், எல்லாரும். நான் மட்டும் திறந்த கண்ணோடு அந்த மூடிய கண்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு வருஷப் படிப்பு பக்கத்தில் பைக்குள் கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்தேன். பையிலிருந்து முகுந்தனை எடுத்து, ஒவ்வொரு படமாக, சத்தம் வராமல் வெள்ளைப் பலகையில் காந்தத் துண்டு வைத்து ஒட்டினேன். பலகை நிறைந்ததும் மிச்சத்தைச் சுவரில் ஒட்டினேன். சுவரும் போதாமல் குளிர்சாதனப் பெட்டியிலும் ஒட்டிவிட்டு, “கண்ணைத் திறங்கள்” என்றேன்.

திறந்தார்கள். எங்கு பார்த்தாலும் உடும்பு. என் கண் மூடப் பார்த்தது. நான் விடவில்லை. “எனக்குத் தியானம் தெரியாது. எனக்குக் கூச்சம், அவ்வளவுதான். நீங்கள் அதைத் தியானம் என்று நினைத்துவிட்டீர்கள். எனக்குத் தெரிந்தது இது” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் ஆட்டுக்குட்டி மாதிரி நடுங்கியது. ஆனால் கடைசிச் சொல் வரை வந்தது. மிஸ் லிம் முகம் சிவந்துபோயிற்று. என்சிக் ரசாலி எழுந்து ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். காலி இருக்கைக்கு நடுவில் முகுந்தன் சங்கடத்தோடு உட்கார்ந்திருக்கும் படத்தின் முன் நின்று ஹ என்று ஒரே ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை பேசலாம் என்று மட்டும் மிஸ் லிம் சொன்னார். ஜெயராஜ் பேன்ட்ரியில் காப்பி கலக்கிக்கொண்டே, “சாமி, வேல போச்சு லா ஒனக்கு. ஆனா எங்க அப்பா சத்தியமா, நான் பாத்ததுலயே அதுதான் நல்ல தியானம்” என்றான்.

ஆகவே மாமா, சனிக்கிழமை நீங்கள் பேருந்தில் வரும்போது எனக்கு அங்கே மேசையே இல்லாமல் போகலாம். போனால் போகட்டும். கண்ணை மூடி உட்கார்வதற்காக அவர்கள் தரும் பதவியில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். செலாயாங் பாசாரில் காய்கறிப் பெட்டிக்குப் பெயர் எழுதினாலும் எழுதுவேன், அதில் ஒரு மூலையில் உடும்பு வரைவேன். உங்கள் பிள்ளைகளுக்கு என்னைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கூச்சப்படுகிற ஒருத்தி ஒருநாள் வாயைத் திறந்தாள் என்று சொல்லுங்கள். தியானத்தால் என்று சொல்லாதீர்கள்.

எழுதியதில் மரியாதைக் குறைவு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கருத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அத்தையின் காலைத் தொட்டு வணங்கியதாகச் சொல்லுங்கள். உங்கள் ஆசீர்வாதம் எனக்கு எப்போதும் வேண்டும், விளம்பரம் இல்லாமல்.

உங்கள் தங்கை மகள்,
லோகேஸ்வரி

பின்குறிப்பு, வியாழன் மாலை: உறையை ஒட்டுவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. என்சிக் ரசாலி இன்று அழைத்தாராம். முகுந்தனை வாங்கிக்கொள்கிறார்கள். என் புதுக் கடிதத்தில் ‘ஓவியர்’ என்று போட்டிருக்கிறது. இந்தத் தடவை கையெழுத்துப் போட்டுவிட்டேன். தொடரில் முகுந்தன் பல்கலைக்கழகத்துக்குப் போகிறான். அங்கே ஒரு தியான வகுப்பிலும் சேர வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. உட்காரும் முறையில் தப்பு இருந்தால் பெற்றோர் புகார் செய்வார்கள், நிஜமாகவே தியானம் தெரிந்தவர் யாரையாவது உனக்குத் தெரியுமா என்று மிஸ் லிம் கேட்டார். இவ்வளவு எழுதிய பிறகும், நான் சொல்லாமலே என் வாய் திறந்து உங்கள் பெயரைச் சொல்லிவிட்டது. அதனால் பேருந்தை ரத்துச் செய்ய வேண்டாம். முடிந்தால் இன்னும் பெரிய பேருந்தாகப் பாருங்கள், நான் பார்த்து வரைவதற்கு நிறையப் பிள்ளைகள் தேவை. மற்றபடி மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை. எப்படி உட்கார வேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொடுங்கள். உட்கார்ந்த பிறகு மனம் எங்கே ஓடுகிறது என்பது என் இலாகா.