எதிர்க்கருத்து வரும்வரை

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பனைக்கேணி அதற்கும் ஒரு மூடி கண்டுபிடித்தது.

பனைக்கேணி தீவகத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கிறவர்களை விட வெளிநாட்டில் இருந்து அதைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம். அவர்களுக்காகப் பாரிசில் இருந்து சுஜிதன் நடத்துகிற இணையத்தளம் பனைக்கேணி.கொம். மரண அறிவித்தல், கொடியேற்றம், கீழே வாசகர் கருத்து. கருத்து என்றால் வேறென்ன, வேலிச் சண்டைதான். வேலியில் நட்ட கதியாலைப் பிடுங்குவது ஒன்றுதான் குறை.

சண்டை முற்றவே, சுஜிதன் 'கருத்து நெறியாளர்' என்று ஒரு பதவியை உண்டாக்கி, அரசாங்கக் கந்தோரில் பிரதம இலிகிதராக இருந்து இளைப்பாறிய தில்லைநாதனை அதில் இருத்தினான். தில்லைநாதன் பக்கம் சாயாத மனிதர். கந்தோரில் இருந்த காலம் முழுக்க மேசைக்கு வந்த எந்தக் கோவையையும் எந்தப் பக்கமும் அசைக்காதவர். பதவியேற்ற கையோடு ஒரு சுற்றறிக்கை விட்டார்: "எந்தவொரு கருத்தும், அதற்கு எதிரான கருத்து கிடைக்கப்பெறும்வரை பிரசுரிக்கப்படமாட்டாது என்பதைச் சகலரும் கவனத்திற் கொள்க."

முதல் சோதனை குலசிங்கத்தாரின் சாவு. அனுதாபம் குவிந்தது. எதிர்ப்பு ஒன்றும் இல்லை. தில்லைநாதன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, குலசிங்கத்தாரோடு வேலிக்கு வழக்காடிய இளையதம்பியிடம் போனார்.

"குலசிங்கத்தாருக்கு எதிராய் ஒரு வரி எழுதும்."

"என்னண்ணை விசர்க்கதை? மனிசன் இன்னும் எரியேல்லை!"

"நீர் எழுதாட்டி, அந்தாளின்ரை பிள்ளையள் எழுதின அனுதாபமும் வெளியில வராது. பாவமில்லையோ?"

இளையதம்பிக்கு இளகின மனம். 'அன்னார் என்னுடைய வேலியை இரண்டு முழம் தள்ளினவர். ஆத்மா சாந்தியடைக' என்று எழுதிக் கொடுத்தார். செத்தவீட்டுப் பந்தல் இரண்டாகப் பிரிந்தது. பாரிசில் இருந்து சுஜிதன் துள்ளிக் குதித்தான்.

"இதுதான் அண்ணை நடுநிலை! கனடாவில எல்லாரும் இதைத்தான் பாக்கினம்!"

பிறகென்ன, எதிர்க்கருத்து நாகரிகமாகிப் போச்சு. ஒன்றையும் எதிர்க்காதவனைச் சபையில் ஒரு மனிசனாய் மதிப்பாரில்லை. மாப்பிள்ளை எஞ்சினியர், அதோடு எதிர்க்கருத்தும் எழுதுவார் என்று கலியாணத் தரகர்மார் சேர்த்துச் சொன்னார்கள்.

இப்படி நீதி கொடிகட்டிப் பறந்த நேரத்தில்தான் தில்லைநாதனின் ஒரே மகள் லோஜனா வந்து நின்றாள். நெடுந்தீவில் படிப்பிக்கிறவள். காலையில் பனைக்கேணித் துறையில்தான் வள்ளம் ஏறவேண்டும்.

"அப்பா, துறைப் பலகை உக்கிப் போச்சு. நேற்று என்ரை செருப்பு கடலுக்குள்ள போயிட்டுது. நான் எழுதின கருத்து ஏன் இன்னும் வரேல்லை?"

"எதிர்க்கருத்து வரட்டும், பிள்ளை."

"உக்கின பலகைக்காக ஆர் எழுதுவினம்?"

"அதை நாங்கள் முன்கூட்டியே தீர்மானிக்க ஏலாது."

"நாளைக்கு நான் விழுந்தால்?"

தில்லைநாதனும் தகப்பன்தானே. பெற்ற வயிறு மட்டுமா பதறும்? ஆனால் மகளின் கருத்தை மட்டும் விட்டால் ஊர் சிரிக்குமே! லண்டனில் இருக்கிற சிவகரனுக்குத் தொலைபேசி எடுத்து, பலகைக்கு ஆதரவாக ஏதாவது எழுதச் சொல்லி மன்றாடினார். அந்தத் துறையை மிதித்தே பல வருசமான சிவகரன் கண்ணீர் விட்டு எழுதினான்: 'நான் நடை பழகிய பலகை அது. அதில் ஆணி அடிப்பது என் நெஞ்சில் அடிப்பதற்குச் சமம்.'

இரண்டு கருத்தும் சோடியாக வெளிவந்தன. சிவகரனோடு சேர்ந்து உலகமெல்லாம் அழுதது. லண்டனில் ஒரு பலகைப் பாதுகாப்புச் சங்கம், ரொறன்ரோவில் இரண்டு. துறைக்குப் புதுப் பலகையோடு வந்த பிரதேச சபைத் தச்சனை மேலதிகாரி தொலைபேசியில் மறித்தார்.

"சனத்தின்ரை கருத்து இரண்டாய்ப் பிரிஞ்சு கிடக்குது. இப்ப ஆணி அடிச்சால் பக்கச்சார்பு. பலகையைத் திருப்பிக் கொண்டு போம்."

தில்லைநாதனுக்குப் பொறுக்கவில்லை. அடுத்தநாள் காலை மகளோடு தானும் துறைக்குப் போனார்.

"நில் பிள்ளை. முதல் நான் மிதிச்சுப் பாக்கிறன்."

மிதித்தார். படாரென்று பலகை முறிந்தது. மனிதரின் காலும் முறிந்தது.

ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, ஊர் தன்னை விசாரித்திருக்கும் என்ற ஆசையோடு போனைத் திறந்தார். விபத்துச் செய்தியின் கீழே, அவருடைய அனுமதிக்குக் காத்துக்கொண்டு கருத்துகள் குவிந்து கிடந்தன. 'ஐயோ, எங்கட பலகையே!' 'எங்களைத் தாங்கிய தாயே, போய்விட்டாயா?' 'மிதித்தவர் எத்தனை கிலோ?' எல்லாம் பலகையின் பக்கம். அவர் காலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

தில்லைநாதனுக்கு அழுகை வந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே.

"பிள்ளை, என்ரை காலுக்கு ஆதரவாய் ஒரு வரி எழுதம்மா. இல்லாட்டி இதொண்டும் வெளியில வராது."

லோஜனா தகப்பனின் காலைத் தலையணையில் தூக்கி வைத்தாள். பிறகு எழுதினாள்: 'அப்பாவின் காலும் முறிந்தது.' அவர் அதையும் மற்றவற்றோடு சோடி சேர்த்து விட்டார்.

பலகையின் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வெளிநாட்டுக்காரர் ஒரு நினைவுக்கல் அனுப்பினார்கள். பலகை முறிந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே அதை நாட்டியிருக்கிறார்கள். லோஜனா சேலையைத் தூக்கிப் பிடித்து, கல்லில் ஒரு கையை ஊன்றி, ஓட்டையைத் தாண்டி வள்ளம் ஏறுகிறாள். புதுப் பலகை போடச் சொல்லி, அந்தத் துறையால் போய்வருகிற சனம் முழுக்க எழுதிவிட்டது. ஓட்டைக்கு ஆதரவாகத்தான் இன்னும் ஒருவரும் எழுதவில்லை. வாசிக்கிற உங்களில் ஆராவது ஒரு வரி எழுதிவிட்டால் பெரிய புண்ணியமாய்ப் போகும்.