பொன்னாடையோடு போனவள்

மூன்று ஈழத்தமிழர் ஓரிடத்தில் கூடினால் ஒருவர் தலைமை தாங்குவார், ஒருவர் நன்றியுரை சொல்வார், மிச்சமிருப்பவருக்குப் பொன்னாடை. பாட்டைக் கேட்க ஆள் இருக்காது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஆங்கிலத்தில் சோல் பாடல்கள் எழுதுகிறவள். (பாடுகிறவள் இல்லை. கறுப்பின மக்களின் தேவாலயங்களில் பிறந்து நெஞ்சைப் பிழியும் அந்தப் பாட்டை என் குரலில் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிடுவார்.) பாடுவது தோழி டெனிஸ். ஓர் இசை நிறுவனத்துக்குப் பாட்டுத் தெரிவுசெய்யும் பெண் ஒருத்தி எங்கள் பாட்டைக் கேட்க வரச் சம்மதித்தாள். அரை மணித்தியாலம்தான், பிறகு பிளேன் பிடிக்கவேண்டுமாம். அவளுக்குப் பிடித்தால் நான் இங்கே கனடாவில், மல்வேர்ன் பக்கத்துக் கடையொன்றில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பதை விட்டுவிடலாம்.

அதற்கு ஹோல், அதாவது மண்டபம், பிடிக்கும் வேலையை அம்மாவிடம் விட்டேன். அம்மாவுக்குத் தெரிந்த ஒரே மேடை நிகழ்ச்சி பரதநாட்டிய அரங்கேற்றம். போய்ப் பார்த்தால் வாசலில் நிறைகுடம், மேடையில் குத்துவிளக்கு, மைக்கின் முன்னால் கோட்டோடு சங்கத் தலைவர் யோகன் அங்கிள்.

"அம்மா, இது அரங்கேற்றம் இல்லை!"

"சும்மா இரு பிள்ளை. விளக்கேத்தாமல் ஆர் தொடங்கிறது?"

அங்கிள் தொடங்கினார். யாழ்ப்பாணத்து இசை மரபு, அவர் கனடா வந்த கதை, பிக்கரிங்கில் வாங்கிய வீடு. (பேஸ்மென்டுக்குத் தனி வாசல் உண்டு என்பதுவரை சபை அறிந்துகொண்டது.) முடிக்கச் சொல்லிக் கையைக் காட்டிக் காட்டி நான் அலுத்துப்போனேன். "பொறு பிள்ளை, வாறன்" என்று மைக்கிலேயே அதட்டினார்.

கடைசியில் அந்தப் பெண்ணை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள் போலும். அழகாகக் கும்பிட்டாள், பொன்னாடையோடு டாக்சி ஏறிப் போயே போய்விட்டாள். டெனிஸ் அதுவரை வாய் திறக்கவில்லை. பிறகு திறந்தாள், வந்தது பாட்டு இல்லை.

நான் காருக்குள் இருந்து அழுதேன். அழுதபடியே, ஆத்திரம் தீர, 'மைக்கை வைத்துவிட்டு இறங்கு' என்று ஒரு பாட்டு எழுதினேன். வேறொரு பாடகி அதைப் பாடினாள்; ரேடியோவில் அது ஓயாமல் போனது. இதுவரை எனக்குப் பெயர் வாங்கித்தந்த ஒரே பாட்டு அதுதான்.

"நான் தலைமை தாங்கி அறிமுகப்படுத்தின பிள்ளை," என்று யோகன் அங்கிள் ஊரெல்லாம் சொல்கிறார். எங்கள் வீட்டு விசேஷங்களில் அவர் பேச எழும்பினால், தம்பி முதல் மச்சாள்மார் வரை மேசையில் தாளம்போட்டு 'மைக்கை வைத்துவிட்டு இறங்கு' என்று சேர்ந்து பாடுகிறார்கள்.

அங்கிள் கைகூப்பி ஏற்றுக்கொள்கிறார். பிறகு, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, பேசத் தொடங்குகிறார்.