ஒரு நீளம், இரண்டு குட்டை, ஒரு இழுப்பு

மூன்றாவது நாளாகத் தட்டில் பொரியைப் பார்த்ததும் நிமாய் ஹால்தாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சோறு எங்க?"

"நீங்க வர்றது எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் மனைவி சந்தியாராணி, பொரியின் ஓரத்தில் ஒரு பச்சை மிளகாயை வைத்தபடி. "முன்னெல்லாம் உங்க விசில் கேக்கும். இப்ப வர்ற டீசல் எல்லாம் எருமை மாதிரி கத்துது. அதுல எந்த எருமை உங்களோடதுன்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

நியாயம்தான். நிமாய் இருபத்தாறு வருடம் கரி இன்ஜினில் சரக்கு வண்டி ஓட்டியவர். சரக்கு வண்டிக்கு நேரம் காலம் கிடையாது. அதனால் மதுபுகுர் ஸ்டேஷன் எல்லைச் சிக்னலைத் தாண்டும்போது ஒரு நீளம், இரண்டு குட்டை, கடைசியில் ஒரு இழுப்பு என்று விசில் கொடுப்பார். அந்த இழுப்பு வேறு எவன் கைக்கும் வராது. இன்ஜினை ஷெட்டில் விட்டு, கையெழுத்துப் போட்டு, ரயில்வே காலனிக்கு நடந்து வர முக்கால் மணி நேரம் ஆகும். சந்தியாராணி கதவைத் திறப்பாள். நெற்றியெல்லாம் வியர்வை, மூச்சு வாங்கும். உள்ளே ஆவி பறக்கும் சோறும் கடுகு அரைத்து விட்ட மீன் குழம்பும் இருக்கும். பாவம், அடுப்படியில் என்ன பாடு பட்டாளோ என்று நிமாய்க்கு மனசு உருகிவிடும்.

"பொண்டாட்டி கைமணம் இருக்கறப்ப உன் கடையில எவன் சாப்பிடுவான்?" என்று ஸ்டேஷன் வாசலில் சோற்றுக்கடை வைத்திருக்கும் போலாநாத்தைத் தினமும் வம்புக்கு இழுப்பார். "நீ வடிக்கிறது சோறா, இல்ல போஸ்டர் ஒட்டுற பசையா?"

போலாநாத் சிரித்துக்கொண்டே கரண்டியைக் கழுவுவான்.

போன வாரம் கடைசிக் கரி இன்ஜினையும் ஓரங்கட்டிவிட்டு, நிமாயை டீசலில் ஏற்றிவிட்டார்கள். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். அதுவரைக்கும் பொரியா? நடக்காது என்று முடிவு செய்தார் நிமாய்.

மறுநாள் டீசல் ஹாரனிலேயே தன் நீளம், குட்டைக் கணக்கை ஊதிப் பார்த்தார். கரி விசிலில் கேட்டபோது அது நிமாயின் குரல் என்று லைன் முழுக்கத் தெரியும். ஹாரனில் கேட்ட கடைசிப் பெட்டி கார்டோ, ஏதோ ஆபத்து என்று பயந்துபோய்ப் பின்னாலிருந்து பிரேக்கைப் பிடித்துவிட்டார். அன்றைக்கும் வீட்டில் பொரிதான், மிளகாய்கூட இல்லாமல்.

அடுத்த நாள், ஓரங்கட்டிய இன்ஜினில் ஏறித் தன் பித்தளை விசிலைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"வேணாம்ணே" என்றான் உதவி டிரைவர் கனாய். "அது நீராவி விசிலு. டீசல்ல ஏது நீராவி?"

"பிரேக்குக்குக் காத்து அடைச்சு வெச்சிருக்கான்ல? நீராவியா காத்தான்னு விசிலுக்கு என்னடா தெரியும்?"

மாட்டினார். சிக்னல் வந்ததும் இழுத்தார். ஒரு நீளம், இரண்டு குட்டை, ஒரு இழுப்பு. ஆகா! நிமாய்க்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் இழுப்பு நிற்கவில்லை. விசில் சிக்கிக்கொண்டது. காற்றெல்லாம் அதன் வழியே போய்விட, பிரேக் தானாகக் கவ்வி, வண்டி லெவல் கிராசிங்கின் குறுக்கே சட்டமாக நின்றுவிட்டது.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜீப். உள்ளே புது வேட்டியும் மடியில் ஒரு பானை ரசகுல்லாவுமாக ரயில்வே அதிகாரி சன்யால். அன்று மாமியார்கள் மருமகன்களுக்கு விருந்து வைக்கும் சஷ்டி. இரண்டரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ரசகுல்லா முழுவதையும் அவரே தின்று தீர்த்தார்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். குற்றம் உறுதியானால் டிரைவர் வேலை போய்விடும். ஸ்டோரில் உட்கார்ந்து ஆணி எண்ண வேண்டியதுதான்.

"மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடுங்க" என்று கெஞ்சினாள் சந்தியாராணி. "சாட்சி கீட்சின்னு யாரையும் இழுத்துவிடாதீங்க. இனிமே எந்நேரமும் நானே சோறு வடிச்சு வெக்கிறேன்."

"மன்னிப்பா? நானா? தப்பு செஞ்சவன் கேக்கட்டும்!"

விசாரணை அறை வாசலில் காலனியே கூடிவிட்டது.

"அரசாங்க வண்டி என்ன உங்க வீட்டு அழைப்பு மணியா?" என்றார் சன்யால்.

"ஆமா சார்!" நிமாய் விசிலை மேஜைமேல் 'டங்' என்று வைத்தார். "இதைக் கேட்டுத்தான் என் பொண்டாட்டி உலை வெப்பா. இருபத்தாறு வருஷமா என் சோறு ஒருநாள் ஆறினதில்ல, நான் ஒரு சிக்னலை விட்டதுமில்ல. பசியோட வண்டி ஓட்ட என்னால முடியாது. ஸ்டோருக்கு அனுப்பணும்னா அனுப்புங்க. விசிலைத் தரமாட்டேன்!"

விருந்தைத் தவறவிட்ட மனிதருக்கு அது எங்கேயோ போய்த் தைத்தது. சன்யால் தொண்டையைச் செருமினார்.

"சரி. இந்த விசில் அவசியம்னு வெளியாள் ஒருத்தர் சாட்சி சொல்லட்டும். நீங்க டிரைவராவே இருங்க."

சந்தியாராணி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவன் போலாநாத். தினமும் திட்டு வாங்கியவன் தனக்காக வந்து நிற்கிறானே! நிமாயின் நெஞ்சு நிமிர்ந்தது.

போலாநாத் கும்பிட்டான். "அந்த விசில் கட்டாயம் வேணும் சார். அது கேட்டாத்தான் நான் அண்ணனுக்குச் சோத்தையும் மீன் குழம்பையும் அடுக்குக் கேரியர்ல போட்டு அவங்க வீட்டுப் பின்வாசலுக்கு அனுப்புவேன். அண்ணியும் சீட்டாட்டத்தைப் பாதியில போட்டுட்டு ஓடி வருவாங்க."